மூன்றாவது விளக்கு

"தக்காளி, சோப்பு, பேட்டரி, தீப்பெட்டி, நூல்கண்டு. ஒத்தப்படை," என்கிறார் ஏழுவிளக்கு அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே. வாசலில் பையோடு நிற்கும் கணவர் "ஒத்தப்படை" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் படியிறங்குகிறார். கடையில் ஏதாவது ஒன்று மறந்துபோனால் பையில் இருப்பவை இரட்டைப்படை ஆகிவிடும். எதையோ விட்டுவிட்டோம் என்று தெரிந்துவிடும். எதை விட்டோம் என்பதுதான் தெரியாது. கணவர் கடை வாசலிலேயே நின்று மண்டையை உடைத்துக்கொள்வார். "இந்தக் கணக்கு தப்பு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். எது தப்புன்னும் சொல்ற கணக்கு வேற இருக்கு. அதுக்கு இன்னும் ரெண்டு மூணு சாமான் சேத்து வாங்கணும், உங்க பை தாங்காது" என்பார் அக்கா.

கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் இதெல்லாம் அவருக்குக் கேலிக்கூத்தாக இருந்தது. இப்போது அவரே பேருந்தில் ஏறும் பிள்ளைகள் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறார் என்று ஊரில் பேச்சு. கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

அக்கா ஐம்பதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு. மூக்குக்கண்ணாடி எப்போதும் கழுத்துக் கயிற்றில் தொங்கும். வெள்ளை மேலங்கியின் பையில் ஒரு டெஸ்டர், ஒரு சுருள் கறுப்பு டேப், ஒரு மிட்டாய். நகரத்தின் பெரிய மருத்துவமனையில் கருவிப் பிரிவுக்கு அவர்தான் தலைவி. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலிருந்து லிஃப்டில் மணியடிக்கும் பொத்தான் வரை எது மக்கர் செய்தாலும் "ஏழுவிளக்கைக் கூப்பிடு" என்பார்கள். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. யாரிடமும் எதையும் திரும்பக் கேட்க மாட்டார். தொலைபேசியில் பாதி வாக்கியம் இரைச்சலில் போனாலும் "என்ன சொன்னீங்க?" என்பது அவர் வாயில் வராது. கேட்ட பாதியை வைத்துக் கேட்காத பாதியைத் தானே நிரப்பிக்கொள்வார். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவே இருக்கும் என்பதால் யாரும் குறை சொல்ல முடிவதில்லை. நாத்தனார் மட்டும் விடமாட்டார். "அண்ணி, நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நீங்க கேட்டு முடிச்சிடறீங்க. அப்ப நான் எதுக்குப் பேசறேன்?" என்பார். "திரும்பக் கேக்கறது கையாலாகாதவன் வேலை" என்பது அக்காவின் பதில். யாராவது தப்பாகச் சொன்னால் தப்பு என்றும் சொல்ல மாட்டார். சரியானதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். சொன்னவருக்குத் தாம் திருத்தப்பட்டது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் டம்ளர் வித்தை கட்டாயம் உண்டு. மேசையில் ஏழு டம்ளர்களை வரிசையாக வைப்பார். மூன்று, ஐந்து, ஆறு, ஏழு ஆகிய நான்கையும் விருந்தாளி தன் இஷ்டப்படி நிமிர்த்தலாம், கவிழ்க்கலாம். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் காவல்காரர்கள். அவற்றை அக்காதான் வைப்பார். முதல் காவல்காரருக்கு மூன்று, ஐந்து, ஏழின் மேல் கண். இரண்டாமவருக்கு மூன்று, ஆறு, ஏழு. நான்காமவருக்கு ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு காவல்காரரும் தன்னையும் சேர்த்துத் தன் கூட்டத்தில் நிமிர்ந்த டம்ளர்கள் இரட்டைப்படையாக இருக்கும்படி நிற்பார் அல்லது கவிழ்வார். பிறகு அக்கா சமையலறைக்குள் போய்விடுவார். "ஒண்ணை மட்டும் மாத்தி வைங்க. ஒண்ணே ஒண்ணு" என்று உள்ளிருந்து குரல் வரும். திரும்பி வந்து ஒரு பார்வை பார்ப்பார். எந்தக் காவல்காரரின் கூட்டத்தில் ஒற்றைப்படை விழுந்திருக்கிறதோ அவர் புகார் சொல்கிறார் என்று அர்த்தம். புகார் சொல்கிறவர்களின் எண்களைக் கூட்ட வேண்டியதுதான். "ஒண்ணாமத்தவரும் ரெண்டாமத்தவரும் புகார் சொல்றாங்க. ஒண்ணும் ரெண்டும் மூணு. மூணாவது டம்ளர்தான் திருடன்." தனியாக ஒரே ஒரு காவல்காரர் மட்டும் புகார் சொன்னால் திருடன் அவரேதான்.

ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. இதற்கு ஹாமிங் முறை என்று பெயர் என்பார், வழியில் சிதையும் செய்தியைச் சேருமிடத்திலேயே திருத்திக்கொள்ளும் முறை என்பார், அதற்குள் விருந்தாளி டம்ளரில் தண்ணீர் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு அக்கா செய்து வைத்திருந்த பெட்டியும் இதே டம்ளர் வித்தைதான். நிலத்தடித் தளத்தில் ரத்தப் பைகளை வைக்கும் குளிர் அறை. அதன் குளிர் இரண்டு டிகிரிக்கும் ஆறு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். பத்தைத் தாண்டிவிட்டால் அந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றக்கூடாது. அறைக்குள் இருக்கும் ஒரு கருவி டிகிரியை எண்ணாக்கி ஏழு ஒயர்களில் மூன்றாம் மாடிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். அங்கே சுவரில் அக்காவின் பெட்டி, அதில் ஏழு சிவப்பு விளக்குகள். மூன்றாவது விளக்கு எரிந்தால் எட்டு, ஐந்தாவது எரிந்தால் நான்கு, ஆறாவது இரண்டு, ஏழாவது ஒன்று. கூட்டினால் டிகிரி. மற்ற மூன்றும் காவல் விளக்குகள். லிஃப்ட் மோட்டார் கிளம்பும்போது எங்காவது ஒரு விளக்கு தடம் மாறும். பெட்டி உடனே காவல் விளக்குகளை விசாரித்து, மாறியதைத் திருத்தி, சரியான டிகிரியைத் திரையில் காட்டும். திருத்தும் நேரமெல்லாம் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். அந்த மஞ்சள் விளக்கின் மேல் அக்காவுக்குத் தனிப் பாசம். "பாருங்க, ஒண்ணைப் பிடிச்சிடுச்சு" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

குளிர் அறைக்காரரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாற்பது வயதுக்காரர். ஆனால் மருத்துவமனை முழுக்க அவருக்குப் 'பெரியப்பா' என்று பெயர். காரணம், தாமதமாக வரும் நாளெல்லாம் அவருடைய பெரியப்பாக்களில் ஒருவர் காலமாகியிருப்பார். இத்தனை பெரியப்பாக்களைப் பறிகொடுத்த மனிதரை உலகம் கண்டிருக்காது. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிப்பதில் மன்னர். ஆனால் குளிர் அறையைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். மேலே போட்டிருக்கும் பச்சை ஸ்வெட்டரைக் கோடைகாலத்திலும் கழற்ற மாட்டார். "அக்கா, உங்க விளக்கு சௌக்கியமா?" என்பார் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம்.

அந்த நாள் காலையில் லிஃப்ட் பழுது பார்த்தார்கள். வேலையின் நடுவே பக்கத்தில் ஓடிய ஏழு ஒயர்களும் அறுபட்டன. எலக்ட்ரீஷியன் ஒட்டுப்போட்டார். மதியம் வரை குளிர் அறைக்கு மின்சாரம் இல்லை. பைகளின் மேல் கனமான போர்வை போட்டுக் கதவைச் சாத்தி வைத்ததில் ஆறு டிகிரியோடு நின்றது. மின்சாரம் வந்ததும் அக்கா சோதித்தார். கீழே குளிர் அறை வெப்பமானியின் முள் ஆறு, மேலே திரையில் ஆறு. சரி என்று சொல்லிவிட்டு வேறு வார்டுக்குப் போய்விட்டார்.

அறை மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டிருந்த பிற்பகலில் திரை திடீரென்று பதின்மூன்று என்றது. பிறகு பன்னிரண்டு. அபாய மணி அடித்தது. கட்டுப்பாட்டு அறைப் பெண் கீழே தொலைபேசியில் கேட்டார். "நாலுதாங்க இருக்கு" என்றார் பெரியப்பா. "நல்லா பாருங்க." "பாத்துட்டுத்தானே சொல்றேன். முள்ளு நாலுல நிக்குது." அவர் வழக்கம்போலச் சமாளிக்கிறார் என்றே அந்தப் பெண் நினைத்தார். ரத்த வங்கி டாக்டர் அறுவைச் சிகிச்சை அரங்கிலிருந்து வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை திரையில் பன்னிரண்டு அசையவில்லை.

டாக்டர் ஆட்களோடு ஓடினார். கதவை விரியத் திறந்து, பைகளை வண்டி வண்டியாக வெளியே தள்ளினார்கள். பைகள் தொட்டால் சில்லென்றுதான் இருந்தன. ஒருவர் அதைச் சொல்லவும் செய்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்து முள்ளைப் பார்த்தபோது ஆறு காட்டியது. மேலே திரையிலும் இப்போது ஆறு. பெரியப்பா கதவைத் திறந்துபோட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறார், மணி அடித்த பிறகு வந்து சாத்தியிருக்கிறார், கேட்டால் நாலு என்று புளுகியிருக்கிறார் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அன்றைக்கு இரண்டு அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. ரத்தம் முழுவதையும் அழித்தார்கள். பெரியப்பாவை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். குளிர் அறையைப் பூட்டினார்கள்.

"பெட்டியில கோளாறு இருக்குமோ?" என்று நிர்வாகி ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மஞ்சள் விளக்கு விடாம எரிஞ்சிட்டிருந்துச்சு சார். வழியில ஒண்ணு மாறியிருக்கு, பெட்டி பிடிச்சுத் திருத்தியிருக்கு. திருத்தி வந்த எண்ணுதான் பன்னெண்டு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" அந்த ஒரு பேச்சே போதுமானதாக இருந்தது. பெரியப்பாவின் தலைவிதியை எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம் என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் கணவர் முழங்கையின் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம்தான் அவரும் ரத்தம் கொடுத்திருந்தார். "கொட்டினதுல என்னோடதும் ஒண்ணு" என்றார். "அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது" என்றார் அக்கா.

விசாரணை கட்டுப்பாட்டு அறையிலேயே நடந்தது. நிர்வாகி, அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள், மணி அடித்த அன்று வேலையிலிருந்த அதே பெண், கதவோரம் நாற்காலி நுனியில் பெரியப்பா. வெளியாளாகிவிட்டதால் பச்சை ஸ்வெட்டர் குளிர் அறையிலேயே தங்கிவிட்டது. அது இல்லாமல் அவர் பாதி ஆளாகத் தெரிந்தார். கீழே குளிர் அறையைக் காலையில்தான் மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். புதிதாக வந்த முதல் பைகளை அடுக்க டாக்டர் தாமே இறங்கிப் போயிருந்தார்.

"ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்கம்மா. பாத்துட்டு முடிச்சுக்கலாம்" என்றார் நிர்வாகி. அக்கா சோதனைப் பெட்டியை மேசையில் வைத்தார். சுவரில் இருப்பதைப் போலவே ஏழு விளக்குகள், அவற்றுக்குக் கீழே ஏழு ஸ்விட்சுகள், பக்கத்தில் சின்னத் திரை. நான்கு டிகிரியை வைத்தார். ஐந்தாவது விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் காவல் விளக்குகளான ஒன்றும் நான்கும் எரிந்தன. ஆறாவது ஸ்விட்சைத் தட்டிக் கெடுத்தார். மஞ்சள் சிமிட்டியது, திரையில் நான்கு அசையவில்லை. அதைச் சரியாக்கிவிட்டு ஏழாவதைக் கெடுத்தார். அப்போதும் நான்கு. அதிகாரிகள் இருவரும் தலையாட்டிப் பொம்மைகள் போலத் தலையை ஆட்டினார்கள்.

"ஒண்ணு மாறினா பெட்டி பாத்துக்கும் சார்" என்றார் அக்கா.

"நான் வேற எதுலயாச்சும் பொய் சொல்லியிருப்பேங்க்கா" என்றார் பெரியப்பா கதவோரத்திலிருந்து. "இதுல சொல்லல. நாலுதான் இருந்துச்சு."

நிர்வாகி பேனாவைத் திறந்தார். அப்போதுதான் சுவரில் அபாய மணி அடித்தது.

எல்லாரும் திரும்பினார்கள். குளிர் அறையின் திரையில் பதின்மூன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு. திரையைப் பார்த்த கண்கள் அத்தனையும் அடுத்த கணம் பெரியப்பாவின் மேல் வந்து விழுந்தன. அவர் நாற்காலியில்தான் இருந்தார். நிலத்தடித் தளத்தில் இருக்கும் கதவை இங்கிருந்து திறக்க அவருக்குக் கை அவ்வளவு நீளம் இல்லை. நிர்வாகியின் முகத்தில் ஈயாடவில்லை.

கட்டுப்பாட்டு அறைப் பெண் கீழே அழைத்தார். டாக்டரின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "நாலு."

"டாக்டர், இங்க பன்னெண்டு காட்டுது."

"காட்டட்டும். முள்ளு என் மூக்குக்கு நேரா இருக்கு. கதவு சாத்தியிருக்கு. நாலு."

"அப்ப பெட்டியிலதான் ஏதோ கோளாறு" என்றார் நிர்வாகி சட்டென்று. அதே தொலைபேசி, அதே அறை, அதே நாலு. பெரியப்பா சொன்னபோது இந்த அறையில் ஒருவருக்கும் அது காதில் ஏறவில்லை. அக்காவுக்கும்தான் ஏறவில்லை.

அவர் சுவர்ப் பெட்டியிடம் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கீழிருந்து ஒயரில் வந்து சேரும் ஏழு விளக்குகளை, திருத்துவதற்கு முன்னால் இருக்கும் கோலத்தில், ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று எரியவில்லை. ஐந்து எரிகிறது. ஆறு இல்லை, ஏழு இல்லை. அதாவது நான்கு. கீழிருந்து கிளம்பிய நான்கு ஒரு சேதாரமும் இல்லாமல் நான்காகவே மேலே வந்து நின்றுகொண்டிருந்தது. காவல் விளக்குகளில்தான் கோளாறு. எரியவேண்டிய ஒன்றாவது அணைந்திருந்தது. அணைந்திருக்கவேண்டிய இரண்டாவது எரிந்தது. பக்கத்தில் மஞ்சள் விளக்கு மும்முரமாக எரிந்துகொண்டிருந்தது.

லிஃப்ட் வேலையன்று எலக்ட்ரீஷியன் தொலைபேசியில் கேட்டது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. முதல் ரெண்டு ஒயரும் வெள்ளையா இருக்குக்கா, ஒண்ணுல இருந்த கோடு அழிஞ்சுபோச்சு, எது எதுன்னு தெரியல என்று கேட்டிருந்தார். அக்கா என்ன சொன்னோம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வார்த்தை மாறாமல் காதில் கேட்டது. போட்டுடுங்க, ஒண்ணு மாறினாலும் பெட்டி பாத்துக்கும்.

ஒயர் தனியாக மாறுமா? ஒன்றின் இடத்தில் இன்னொன்று போனால், அந்த இன்னொன்றும் தன் இடத்தில் இல்லை. மாறினால் இரண்டு. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'ஒண்ணே ஒண்ணு' என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்கிற மனுஷிக்கு இது தோன்றவில்லை.

மேசைக்கு வந்து சோதனைப் பெட்டியில் நான்கை வைத்தார். முதல் ஸ்விட்சை அணைத்தார். இரண்டாவதைப் போட்டார். ஒன்றாவது காவல் புகார் சொன்னது, இரண்டாவது காவல் புகார் சொன்னது. ஒன்றும் இரண்டும் மூன்று. ஒரு பாவமும் அறியாத மூன்றாவது விளக்கைப் பெட்டி பிடித்துத் திருத்தியது. சின்னத் திரையில் நான்கு போய்ப் பன்னிரண்டு வந்தது.

கட்டுப்பாட்டு அறைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாலு நாலாத்தான் வந்திருக்கு" என்றார் அக்கா. "நான்தான் பன்னெண்டு ஆக்கியிருக்கேன்."

"திருத்துற பெட்டின்னீங்களேம்மா" என்றார் நிர்வாகி.

"திருத்தியிருக்கு சார். சரியா இருந்ததைப் போய்த் திருத்தியிருக்கு. இந்தப் பெட்டியே இல்லாம, வந்த விளக்கை அப்படியே பாத்திருந்தாக்கூட நாலுன்னு தெரிஞ்சிருக்கும்."

"அன்னைக்கு நீங்க சோதிச்சீங்களே?"

"அப்ப ஆறு. ஆறுக்கு அந்த ரெண்டு காவல் விளக்கும் சேந்தே எரியும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா இடம் மாறினாலும் தெரியாது. கதவைத் திறந்து வெச்சு எல்லாரும் பாத்தப்பவும் ஆறுதான்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். வேறு ஏதோ அவர் மண்டையில் ஓடியது. ஸ்விட்சுகளை மாற்றி, இந்தத் தடவை நிஜமாகவே பன்னிரண்டை வைத்தார். அதே மாதிரி முதல் இரண்டையும் இடம் மாற்றினார். திரையைப் பார்த்தார்.

நான்கு.

"சார், நிஜமாவே கெட்டுப்போயிருந்தா..." என்றார். நிர்வாகி எழுந்து வந்து அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். அறை பன்னிரண்டு டிகிரிக்குப் போய், ரத்தம் முழுக்கக் கெட்டிருந்தால் பெட்டி நான்கு என்று காட்டியிருக்கும். மணி அடித்திருக்காது. யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். கெட்ட ரத்தத்தை மேலே அரங்கில் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்தவர்களுக்கு ஏற்றியிருப்பார்கள். அழித்தது நல்ல ரத்தம் என்பதே பெரிய அதிர்ச்சியாக இருந்த அறையில், இப்போது அதை யாரும் பேசக்கூட இல்லை. பயத்தில் ஒரு அதிகாரி தண்ணீர் குடித்தார்.

குனிந்தவர் நிமிரும்போது நிர்வாகியின் கண் பெட்டியின் ஓரத்தில் பட்டது. ஏழு விளக்குகளுக்குப் பக்கத்தில் எட்டாவதாக ஒரு ஓட்டை. கறுப்பு டேப் ஒட்டி மூடியிருந்தது. "இது எதுக்கு?"

அக்கா டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடினார். எந்தக் கேள்விக்கும் பாதியிலேயே பதில் வைத்திருப்பவர் அவர்.

"எட்டாவது விளக்குக்கு. அது ஏழையும் மொத்தமா ஒத்தையா ரெட்டையான்னு பாக்கும். அது இருந்தா, ரெண்டு மாறியிருக்கு, எனக்குத் தெரியல, போய்ப் பாருங்கன்னு பெட்டி சொல்லும். திருத்தாது. தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு விளக்கு எதுக்குன்னு நான்தான் எடுத்துட்டேன்."

பெரியப்பா இதையெல்லாம் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. புரிந்தது ஒன்றுதான். "அப்ப நான் சொன்னது சரிதானே?" என்று எல்லாரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். கோபம் இல்லை. நம்ப முடியாதவர் போலக் கேட்டார். தாம் சொன்னது உண்மை என்று அவருக்கே இடையில் சந்தேகம் வந்திருக்கும் போலிருந்தது. நிர்வாகி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். ஒயர்களின் ஒட்டைப் பிரித்துச் சரியாகப் போடும்வரை யாராவது கீழே இருந்து முள்ளைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்லட்டும் என்றார்.

"நான் போறேன்" என்றார் அக்கா.

படிக்கட்டில் அவர் முன்னால் போனார். பெரியப்பா ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளப் பின்னாலேயே வந்தார். கீழே டாக்டர் பைகளை அடுக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார், கதவை இழுத்துச் சாத்தச் சொன்னார். குளிர் அறைக்குள் நின்றதும் அக்காவுக்கு உடம்பு வெடவெடத்தது. ஆணியில் தொங்கிய பச்சை ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டே பெரியப்பா ஒரு எட்டு ஒதுங்கி நின்றார். முள் அக்காவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.

"தம்பி" என்றார் அக்கா.

"நீங்களே பாத்துச் சொல்லிடுங்கக்கா" என்றார் பெரியப்பா. "நான் சொன்னா மறுபடி பொய்யாப் போயிடும்."

சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. அக்கா ரிசீவரை எடுத்தார். மூன்றாம் மாடியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல், "எவ்ளோ காட்டுது?" என்றது. முள் அக்காவின் தோளுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். அவர் திருப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டு, ரிசீவரைப் பெரியப்பாவின் பக்கம் நீட்டினார்.